லோடு வண்டித் தொழில்: வண்டிக்கு முன்னால் லோடைத் தேடுங்கள்

டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் மாதிரி ஒரு சின்ன லோடு வண்டி வாங்கி ஓட்டினால் மாதம் எவ்வளவு நிற்கும் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். வேலையை விட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், அடுத்தவர் வண்டியில் பல வருஷம் ஓட்டிவிட்டுச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நினைக்கிற டிரைவர்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: லோடு யார் தரப் போகிறார்கள்? பெரும்பாலும் இதற்குப் பதில் வருவதில்லை. வண்டி எந்த ஷோரூமிலும் கிடைக்கும், ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார், டியூ தேதி மாதம் தவறாமல் வரும். லோடு மட்டும் அப்படித் தானாக வராது. அதனால் லோடிலிருந்தே தொடங்குகிறேன். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நிலவரம், அதிலும் கொங்குப் பக்கத்து உதாரணங்கள் அதிகம் இருக்கும்.

முதல் வேலை: உங்கள் ஊரில் சரக்கு எப்படி நகர்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சரக்கு ஓட்டம் உண்டு. திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பனியன் தயாராவதற்குள் அது எத்தனை கூரை மாறுகிறது என்று பார்த்தால் நமக்கு எங்கே வேலை இருக்கிறது என்று புரிந்துவிடும். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, நிட்டிங்கிலிருந்து துணி ரோல் டையிங்குக்குப் போகிறது, அங்கிருந்து காம்பேக்டிங், அப்புறம் கட்டிங், வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்பி வருகிறது, பிறகு தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரிய கம்பெனி ஒன்றிரண்டைத் தவிர இது எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் நடப்பதில்லை. ஒவ்வொரு மாறுதலுக்கும் நடுவில் ஒரு குட்டி யானை (டாடா ஏஸுக்கு நம் ஊர்ப் பெயர்) ஓடிக்கொண்டிருக்கிறது. கோவையில் இதே இடத்தில் ஃபவுண்டரி காஸ்டிங்கும் பம்ப் உதிரிபாகமும் இருக்கும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி, நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் பூ, சென்னையில் கோயம்பேட்டிலிருந்து விடிவதற்குள் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய காய்கனி. நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளை நகரத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாதவரம் மாதிரி இடங்களில் பெரிய லாரி இறக்குகிற சரக்கை உள்ளே கொண்டுபோவதும் சின்ன வண்டிதான்.

இது போன்ற பெயர்பெற்ற சரக்கு எதுவும் இல்லாத ஊரிலும் லோடு இருக்கிறது. டைல்ஸ் கடை, பிளைவுட் கடை, ஹார்டுவேர், ஃபர்னிச்சர், சோப்பும் பிஸ்கட்டும் லைன் போடுகிற ஏஜென்சிகள், சாமியானாவும் நாற்காலியும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற கடை. ரெண்டு வாரம் பைக்கில் சுற்றி இவர்களிடம் போய்ப் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை நடை, எந்தத் திசையில், எவ்வளவு எடை, ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும், பணம் எப்போது தருவீர்கள், இப்போது வருகிற வண்டிக்காரரிடம் என்ன குறை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் உங்களுக்கு வாசல் திறப்பது. "கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேங்கிறார்", "காலையில் வரச் சொன்னால் மதியம் வருகிறார்" என்பார்கள். ரேட்டைக் குறைத்து உள்ளே நுழைகிறவரை விட, சொன்ன நேரத்துக்கு வருகிறவர்தான் அந்த இடத்தில் நிலைத்து நிற்கிறார்.

வண்டி வாங்குவதற்கு முன் குறைந்தது மூன்று இடத்திலிருந்து "வண்டி எடுத்ததும் வா" என்ற வார்த்தை கையில் இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது மாத வாடகை மாதிரி நிலையான வேலையாக இருந்தால் நல்லது. ஒரே இடத்தை நம்பி மட்டும் வண்டி எடுக்காதீர்கள், அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் உங்கள் டியூவும் அன்றே தடுமாறும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். தெரிந்தவர் வண்டியில் ஒரு மாதம் ஆக்டிங் டிரைவராக ஓட்டுங்கள். எந்த கேட்டில் எவ்வளவு நேரம் காக்க வைப்பார்கள், எந்த ரோட்டில் திரும்ப இடமில்லை, யார் பணத்தை இழுத்தடிப்பார்கள் என்பதெல்லாம் அடுத்தவர் டீசலிலேயே தெரிந்துவிடும்.

எந்த வண்டி

லோடு தெரிந்தால் வண்டி தானாகத் தெரியும். 2005-ல் ஏஸ் வந்த பிறகுதான் இந்தத் தொழிலே சாதாரண ஆளுக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்தது. இன்றைக்கும் முக்கால் டன் வரை உள்ள டவுன் லோடுக்கு ஏஸ் வகையும் மாருதி சூப்பர் கேரியும் போதும். ஒரு டன்னுக்கு மேல் என்றால் இன்ட்ரா, தோஸ்த், ஒன்றரை டன் பக்கம் போனால் பெரிய தோஸ்த், பொலிரோ பிக்கப். அதற்கு மேல் டாடா 407, ஐச்சர் என்று லாரி வகைக்குப் போவது முதல் வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்த அளவு லோடு தருகிறவர்கள் ஏற்கனவே லாரி புக்கிங் ஆபீஸோடு பழகியவர்கள், புது ஆளிடம் எளிதில் வரமாட்டார்கள்.

எடையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. தைத்த துணிப் பெட்டி, மெத்தை, காலி அட்டைப்பெட்டி எல்லாம் எடையே இல்லாமல் இடத்தை அடைக்கும். இவற்றுக்கு நீளமும் உயரமும் உள்ள பாடி வேண்டும், மழைக்கும் தூசிக்கும் மூடிய கன்டெய்னர் பாடி இருந்தால் கூரியர், இ-காமர்ஸ் வேலையும் கிடைக்கும். காஸ்டிங்கும் டைல்ஸும் நேர்மாறு. பாதி பாடி நிறைவதற்குள் எடை முடிந்துவிடும், அதற்குத் திறந்த பாடியும் உறுதியான தளமும் பட்டையும்தான் (லீஃப் ஸ்பிரிங்) முக்கியம். வீட்டுச் சாமான், பைப், கம்பி என்று கலந்து வருகிற ஊரில் திறந்த பாடிதான் சோறு போடும். பாடியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சி.என்.ஜி. வண்டியில் எரிபொருள் செலவு குறையும், ஆனால் சிலிண்டர் எடையால் ஏற்றக்கூடிய சுமையும் குறையும், பங்க்கில் வரிசையில் நிற்கிற நேரமும் இருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டி ஒரே ஊருக்குள் தினம் இத்தனை கிலோமீட்டர் என்று அளவு தெரிந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். திடீரென்று "பழனிக்கு ஒரு லோடு போகணும்" என்று கூப்பிடுகிற வாடிக்கையாளர்கள் உள்ளவருக்கு இப்போதைக்கு டீசலோ பெட்ரோலோ போதும்.

பழைய வண்டியா புதிதா? லோடு உறுதியாக இல்லாதவருக்குப் பழையது, மாத ஒப்பந்தம் கையில் இருப்பவருக்குப் புதிது. பழையது எடுத்தால் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, அபராதச் செல்லான் பாக்கி இருக்கிறதா, ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் ஆர்.சி.யில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, அந்தக் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35-ம் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. "அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டுவைத்த வண்டி விபத்தில் மாட்டினால் பழைய ஓனரும் புது ஓனரும் சேர்ந்து கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். மெக்கானிக்கைக் கூட்டிப்போய், வண்டியில் லோடு ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியில் தெரியாத கிளட்ச் குறையும் கியர்பாக்ஸ் சத்தமும் லோடில் தெரிந்துவிடும். சேசிஸில் வெல்டிங் ஒட்டு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கடனுக்கு வங்கியில் முத்ரா திட்டத்தைக் கேளுங்கள், 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள், மாநில அரசின் மானியத் திட்டங்கள் அங்கேதான் நடக்கின்றன. பட்டியலின, பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு, உங்கள் தொழிலுக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேட்டுவிடலாம். அலைச்சல் இருக்கும், ஆனால் தனியார் ஃபைனான்ஸ் வட்டியோடு ஒப்பிட்டால் அந்த அலைச்சலுக்கு அர்த்தம் உண்டு.

காகிதங்கள்

மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள லோடு வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம். உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது. மஞ்சள் போர்டு கட்டாயம். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் வாடகை லோடு அடித்தால் பிடிபடும்போது அபராதம், விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். பர்மிட் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. லோடோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. ஏஸ், சூப்பர் கேரி எல்லாம் இதற்குள்தான். பெரிய பிக்கப் எடுப்பவர்கள் ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்.சி. புது வண்டிக்கு ரெண்டு வருஷம், எட்டு வருஷம் ஆகும் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் முன்னால் பெயிண்ட், டயர், பிரேக், லைட், ஸ்டிக்கர் என்று ஒரு செலவு வரும், அதை மாதம் மாதம் ஒதுக்கி வைக்காதவர்கள்தான் எஃப்.சி. மாதத்தில் கந்துக்காரரிடம் போய் நிற்கிறார்கள். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே, 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். அதோடு வண்டிச் சேதத்துக்கான பகுதியும் வரியும் சேரும். ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வண்டி இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், உள்ளே இருக்கும் சரக்குக்கு இல்லை. விலை கூடிய சரக்கு என்றால் அதற்குத் தனியாகப் பாலிசி யார் எடுத்திருக்கிறார்கள் என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, காட்டு வேலைக்கு என்று கேட்பார்கள், தெரிந்தவர்களாகவும் இருப்பார்கள். சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு வருவது வேறு. கூட்டமாக ஆள் ஏற்றி வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் வராது, இழப்பீடு உங்கள் தலையில் விழும். பணத்தை விடுங்கள், போன உயிருக்கு யார் பதில் சொல்வது? இந்த விஷயத்தில் முகதாட்சண்யம் பார்க்கவே கூடாது.

அளவுக்கு மேல் ஏற்றுவதும் அப்படித்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்குச் சட்டத்தில் உள்ள அபராதம் 20,000 ரூபாய், மேலதிக ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றி ஓடுவதைத் தினம் பார்க்கிறோம். அந்த வண்டிகளின் டயரையும் பிரேக்கையும் பட்டையையும் ஒருமுறை குனிந்து பாருங்கள், வாடகையில் கூடுதலாகக் கிடைத்தது எங்கே போகிறது என்று தெரியும்.

சரக்குக்கான காகிதம் இல்லாமல் கேட்டை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். பில்லோ டெலிவரி சலானோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கு அனுப்புகிறவர் ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) வேண்டும், அதில் உங்கள் வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாலக்காட்டுக்கோ பெங்களூருக்கோ ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிற துணி, உதிரிபாகம் என்றால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள், வழியில் ரிப்பேர் ஆனால் நீட்டிக்கச் சொல்லி அனுப்பியவருக்கு உடனே போன் போடுங்கள்.

புது ஆளைத் தேடி இரவில் வருகிற நல்ல வாடகை லோடுகள் சில உண்டு. ரேஷன் அரிசி, அனுமதிச் சீட்டில்லாத மணல், குட்கா, லைசென்ஸ் இல்லாத பட்டாசு. "என்ன சரக்கு என்று உனக்கு எதற்கு" என்று கேட்கிற இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள். பிடிபட்டால் சரக்கு அனுப்பியவர் பின்னால் இருப்பார், ஸ்டேஷன் வாசலில் மழையிலும் வெயிலிலும் நிற்பது உங்கள் வண்டி. டியூ அப்போதும் கட்ட வேண்டும்.

கணக்கு

இந்தப் பகுதியைப் பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

6 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 4 வருஷம் என்றால் மாத டியூ சுமார் 15,500. இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி மூன்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 3,500 என்று வையுங்கள். வண்டி நிறுத்த இடம், போன், கயிறு, தார்ப்பாய் 1,500. நீங்களே ஓட்டினாலும் உங்களுக்குச் சம்பளம் எழுதியே ஆக வேண்டும், 20,000. மொத்தம் 40,500. மாதம் 25 நாள் ஓடினால் நாளுக்கு 1,620 ரூபாய். வண்டி வாசலில் நின்றாலும் இது செலவு.

ஓடினால் ஆகிற செலவு தனி. டீசல் லிட்டர் 92 ரூபாய், லோடோடு டவுனுக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 5.75. டயர், ஆயில், பிரேக், கிளட்ச் என்று கிலோமீட்டருக்கு 1.75 ஒதுக்கினால் 7.50. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடினால் 600 ரூபாய். ஆக, அன்றைக்கு 2,220 ரூபாய் வந்தால் நீங்கள் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள், லாபம் இன்னும் தொடங்கவில்லை.

இப்போது அந்த 80 கிலோமீட்டரில் பாதி காலியாகத் திரும்பியது என்று வையுங்கள், டவுன் லோடில் அதுதான் வழக்கம். வாடகை வருவது 40 கிலோமீட்டருக்கு மட்டும். அப்படியானால் லோடு ஏற்றிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 55 ரூபாய்க்கு மேல் விழ வேண்டும். நாளுக்கு நாலு நடை என்றால் நடைக்கு 555, மூன்று நடைதான் கிடைத்தது என்றால் 740. "கிலோமீட்டருக்கு 20 ரூபாய் தர்றேன், டீசலுக்கு ஆறு ரூபாய்தானே ஆகும்" என்று பேசுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்துக்கும் விலை இதிலிருந்தே வருகிறது. 1,620-ஐப் பத்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 162. ஒரு டையிங் கேட்டில் ரெண்டு மணி நேரம் சும்மா நின்றால் 324 ரூபாய் போய்விட்டது, டீசல் ஒரு சொட்டுகூட எரியாமலே. அதனால் பேசும்போதே ஏற்ற, இறக்கச் சேர்த்து ஒரு மணி நேரம் வாடகையில் அடக்கம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். முதல் மாதம் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொன்ன பிறகு உங்கள் வண்டிக்கு மட்டும் சீக்கிரம் லோடு ஏறுவதைப் பார்ப்பீர்கள்.

ரிட்டர்ன் லோடுதான் இந்தத் தொழிலில் உண்மையான லாபம். டீசல், நேரம், டியூ எல்லாம் முதல் லோடிலேயே வசூலாகிவிட்டது. திரும்பும் வழியில் 400 ரூபாய்க்கு ஒரு லோடு வாரத்தில் 5 நாள் கிடைத்தாலே மாதம் 8,000 கூடுதலாக நிற்கும். அவிநாசிக்குத் தினம் போகிறீர்கள் என்றால் அவிநாசியில் இறக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாலு கம்பெனி, ரெண்டு கடைக்கு உங்கள் நம்பர் தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே காலியாக நிற்பீர்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரிட்டர்னுக்கு ரேட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ரிட்டர்ன் ரேட்டைப் போகிற லோடுக்குக் கொடுத்துப் பழக்கிவிடாதீர்கள், அது அப்படியே நிலைத்துவிடும்.

ரேட் பேசும்போது ஏத்துக்கூலி, இறக்குக்கூலி யாருடையது, டோல் யாருடையது, மாடியில் ஏற்ற வேண்டுமா, இரவு தங்க நேர்ந்தால் பேட்டா எவ்வளவு என்ற நாலையும் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த நாலில்தான். டோலைப் பொறுத்தவரை, ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் சொந்த உபயோக வண்டிக்குத்தான், மஞ்சள் போர்டுக்குக் கிடையாது.

ஆப்பில் சேரலாமா

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் லோடு பிடித்துத் தருகிற போர்ட்டர் போன்ற ஆப்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் சேருங்கள். தெரு பழகும், சும்மா நிற்கிற நேரம் குறையும், பணம் சீக்கிரம் வரும். ஆனால் ஆப் காட்டும் வாடகையில் கமிஷன் போக எவ்வளவு, எடுக்கப் போகிற இடம் எத்தனை கிலோமீட்டர், அங்கிருந்து காலியாக எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்று மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் ஆப் என்பது இடைவெளியை நிரப்ப. காலை ரெகுலர் கஸ்டமர், நடுவில் கிடைக்கிற ரெண்டு மணி நேரத்துக்கு ஆப். இ-காமர்ஸ் கம்பெனிகளுக்கு வண்டியை மாத வாடகைக்கு விடுவதும் உண்டு. வருமானம் நிலையானது, ஆனால் நடுவில் ஒரு வெண்டர் இருப்பார். அவர் எந்தத் தேதியில் பணம் போடுகிறார் என்று அங்கே ஏற்கனவே ஓட்டுகிற டிரைவர்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டாண்டில் சேர்வதாக இருந்தால் அங்கே சங்கமும் முறையும் இருக்கும், வரிசையை மீறி லோடு எடுக்காதீர்கள். அவசரத்துக்கு வண்டி பழுதானால் உதவிக்கு வருவதும் அந்த ஸ்டாண்டு ஆட்கள்தான்.

கட்டுவதும் ஏற்றுவதும்

நல்ல பெயர் இங்கேதான் கிடைக்கிறது. கடைசியில் இறக்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். கனமானது கீழே, கேபினை ஒட்டி, ரெண்டு பக்கமும் சமமாக. மொத்தக் கனத்தையும் பின்கதவுப் பக்கம் வைத்தால் முன் டயர் லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. பத்து கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்திக் கயிற்றைத் திரும்ப இழுத்துக் கட்டுங்கள், ஆட்டத்தில் சரக்கு அமர்ந்து கட்டு தளர்ந்திருக்கும். துணி லோடுக்குத் தளத்தில் சுத்தமான ஷீட் விரிக்காமல் ஏற்றவே கூடாது, ஒரு ஆயில் கறை போதும், ரோல் முழுவதன் விலையையும் உங்கள் கணக்கில் கழித்துவிடுவார்கள். ஃபிரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுபோங்கள், இறக்கியதும் சில மணி நேரம் கழித்து ஆன் பண்ணச் சொல்லுங்கள். பழைய போர்வை நாலைந்து வண்டியிலேயே கிடக்கட்டும், பீரோவும் டிவியும் கீறல் இல்லாமல் போய்ச் சேரும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

எந்த மாதம் எப்படி

வீடு மாற்றுகிற லோடு ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும், யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். தை பிறந்ததும் பிடிக்கும், ஆவணியிலும் பிடிக்கும். பள்ளி லீவு முடிகிற மே மாதக் கடைசியில் குடும்பங்கள் இடம் மாறும். பொங்கலுக்கு முன் ஒரு வாரம் கரும்பும் மஞ்சளும், கோடையில் கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் மாம்பழம், முகூர்த்த மாதங்களில் சாமியானாவும் பாத்திரமும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடைச் சரக்கு. மந்தமான மாதத்துக்கு ரெண்டு டியூ தொகை எப்போதும் தனிக் கணக்கில் இருக்கட்டும். பெரிய சர்வீஸை ஆடியில் வைத்துக்கொண்டால் சீசனில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்காது.

பாக்கியும் வரியும்

கம்பெனிகள் பணத்தை 30 நாள், 60 நாள் என்று இழுக்கும், டீசல் பங்க் அப்படிக் கடன் தராது. புது கஸ்டமருக்கு முதல் சில நடை கைக்காசு, பிறகு வாரக் கணக்கு, நம்பிக்கை வந்த பிறகு மாதக் கணக்கு. ஒவ்வொரு நடைக்கும் சலானில் சீல் வாங்குங்கள், சீல் இல்லாத நடை பில்லில் ஏறாது. உத்யம் என்கிற சிறு தொழில் பதிவை இலவசமாகவே ஆன்லைனில் செய்துகொள்ளலாம், ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்த நம்பரை உங்கள் பில்லில் போட்டால் ஒரு பலன் உண்டு: சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைச் சட்டம் சொல்லும் காலத்துக்குள், அதாவது எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தராவிட்டால், கொடுக்கும் வரை அதைத் தன் வருமான வரிக் கணக்கில் அந்தக் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பாக்கியைத் தீர்க்கச் சொல்வார்.

10 வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கு வருமான வரியில் ஒரு எளிய வழி இருக்கிறது, 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ஆடிட்டர்கள் 44ஏஇ என்று சொல்வது. சின்ன வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும், பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை. பான் நம்பரோடு, 10 வண்டிக்கு மேல் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனி உங்கள் வாடகையில் வரி (டி.டி.எஸ்.) பிடிக்கத் தேவையில்லை. கன்சைன்மென்ட் நோட் (சரக்கைப் பொறுப்பேற்றதற்கான ரசீது) போடாமல் சொந்த வண்டி மட்டும் வாடகைக்கு ஓட்டுகிறவரின் சரக்கு வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இருந்தாலும் வருமான வரி ரிட்டர்ன் (ஐ.டி.ஆர்.) தாக்கல் செய்யுங்கள். அடுத்த வண்டிக்கு வங்கியில் கேட்கப்போகும்போது அவர்கள் முதலில் கேட்பது மூன்று வருஷ ஐ.டி.ஆர்.

இரண்டாவது வண்டி

லோடு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது வாரத்தில் பல தடவை நடக்கிறதா, அதுவும் சீசன் இல்லாத மாதத்தில்? அப்போதுதான் அடுத்த வண்டி பற்றி யோசிக்க வேண்டும். அதுவரை கூடுதல் லோடை ஸ்டாண்டு நண்பர்களுக்குக் கைமாற்றி விடுங்கள், அவர்களும் உங்களுக்குத் தருவார்கள். இரண்டாவது வண்டியில் டிரைவர் வேறொருவர் என்பதால் கணக்கே மாறுகிறது. சம்பளம் மட்டும் கொடுத்தால் வண்டி நிழலில் நிற்கும், கமிஷன் மட்டும் கொடுத்தால் வண்டி பறக்கும், பிரேக்கும் டயரும் தேயும். அடிப்படைச் சம்பளம் ஒன்று, அதற்கு மேல் நடைக்கு இவ்வளவு, ரிட்டர்ன் லோடு பிடித்தால் அதில் ஒரு பங்கு என்று வைத்தால் அவருக்கும் தேடுகிற ஆர்வம் வரும். டீசலைத் தினம் ஒரே பங்க்கில் டேங்க் நிரப்பிப் போடச் சொல்லி, ஓடிய கிலோமீட்டரையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மைலேஜ் திடீரென்று குறைந்தால் டிரைவரைச் சந்தேகிப்பதற்கு முன் ஏர் ஃபில்டரையும் டயர் காற்றையும் பிரேக் பிடித்து நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும். பழைய கஸ்டமர்களின் லோடுக்கு முதல் ஒரு மாதம் நீங்களே போய்க்கொண்டு, புது டிரைவரைக் கூடவே அழைத்துப்போய் கேட்டில் இருக்கிறவர், சூப்பர்வைசர், ஏற்றுகிற ஆட்கள் எல்லோருக்கும் அறிமுகம் செய்துவையுங்கள். அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்து, அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதை உங்கள் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள்.